எரிவு அடங்கினால் நரம்பு தேறிவிட்டதா? காலெரிவும் குக்கிலும்

சீனி வருத்தம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனவர்களிடம் காலைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு முறைப்பாடுகள் சேர்ந்தே வரும். "இரவில பாதம் நெருப்பாய் எரியுது" என்பது ஒன்று. "பகலில பஞ்சுக்கு மேல நடக்கிற மாதிரிக் கிடக்கு" என்பது மற்றது. யாழ்ப்பாணத்தில் இப்படிப்பட்டவர்களில் பலர் கிளினிக்கில் தரும் குளிசைகளோடு, நாட்டு வைத்தியரான பரியாரியாரிடமோ கடையிலோ வாங்கிய குக்கில் (குக்குலு) என்னும் செடிப் பிசினில் செய்த குளிசையையும் சேர்த்து எடுக்கிறார்கள். கிளினிக்கில் குக்கிலைப் பற்றி வாய் திறப்பதில்லை. பரியாரியாரிடம் கிளினிக் கொப்பியைக் காட்டுவதுமில்லை. கால் கெடுவதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

குக்கில் சிதைந்த நரம்பை மீட்கும் என்பது மனிதரில் நிறுவப்படவில்லை. எலிகளில் நரம்பு வலியைக் குறைத்திருக்கிறது. அந்த அளவுக்கு அதில் பொருள் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கத் தேவையில்லை. ஆனால் வலி குறைவதும் நரம்பு தேறுவதும் வேறு வேறு. இந்த வேறுபாடு பிடிபட்டால்தான் குக்கிலை எப்படி எடுப்பது, எப்போது நிறுத்துவது, எதை வைத்து முடிவு செய்வது என்பதெல்லாம் விளங்கும்.

முதுகுத்தண்டின் அடியிலிருந்து கால்விரல் நுனிவரை போகும் நரம்பிழைதான் உடம்பில் மிக நீளமானது. குருதியில் சீனி கூடி நிற்கும்போது, அந்த இழைக்கு ஊட்டம் கொண்டுபோகும் மெல்லிய குருதிக் குழாய்களும் இழையைச் சுற்றியிருக்கும் உறையும் கெடுகின்றன. நீளமான இழையின் நுனி முதலில் அடிபடும். அதனால்தான் விறைப்பு இரண்டு பெருவிரல்களிலும் தொடங்கிக் காலுறை போட்டதுபோல மேலே ஏறுகிறது. காயப்பட்ட இழை தானாகவே பொய்ச் சைகைகளை அனுப்பும். அதுதான் எரிவும் குத்தலும். இழை முற்றாக இறந்துவிட்டால் எந்தச் சைகையும் வராது. அது விறைப்பு.

ஆகவே எரிவு இரண்டு வழியில் அடங்கலாம். நரம்பு தேறி அடங்கலாம், நரம்பு செத்தும் அடங்கலாம். "அந்தக் குளிசை எடுத்து ஆறு மாதத்தில எரிவு போட்டுது" என்று ஒருவர் மகிழ்ச்சியோடு சொல்லும்போது முதலில் எழவேண்டிய கேள்வி, இப்போது விரலில் தொட்டால் அவருக்குத் தெரிகிறதா என்பதுதான். தெரியவில்லை என்றால் அந்த நிம்மதி ஆபத்தான நிம்மதி.

இதைப் பார்க்க ஒரு கருவியும் தேவையில்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவாக்கிய தொடுகைச் சோதனை ஒன்று உண்டு. காலைப் பார்க்கப்படுபவர் காலுறை, செருப்பு இல்லாமல் கட்டிலில் படுத்துக் கண்களை மூடிக்கொள்ளவேண்டும். மற்றவர் சுட்டுவிரல் நுனியால் இறகு படுவதுபோல மெல்ல, ஒன்றிரண்டு செக்கன், கீழே சொல்லும் கால்விரல்களின் நுனியில் தொடவேண்டும். வலது பெருவிரல், வலது சின்னவிரல், இடது பெருவிரல், இடது சின்னவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல் என்று மொத்தம் ஆறு இடம். தொட்டதை உணர்ந்தவர் எந்தக் கால் என்று சொல்லவேண்டும்.

"அப்பா, தொடேக்கை வலதோ இடதோ எண்டு சொல்லுங்கோ."

"வலது... ம், வலது... இடது."

பிறகு ஒரு நீண்ட இடைவெளி. மகள் சின்னவிரலைத் தொட்டு எடுத்தாயிற்று.

"தொடு பிள்ளை, ஏன் நிக்கிறாய்?"

அந்த இடத்தில் மகள் மறுபடி தொடக்கூடாது, அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது. ஒரு விரலுக்கு ஒரு வாய்ப்புத்தான். அழுத்தினால் ஆழத்தில் இருக்கும் வேறு உணர்வு வேலை செய்து, தெரிவதுபோலக் காட்டிவிடும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் அது புண் வரக்கூடிய கால். கிளினிக்கில் 10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழையாலும் 128 ஹேட்ஸ் இசைக்கவையாலும் இதையே இன்னும் நுட்பமாகப் பார்ப்பார்கள். எந்த மருந்தைத் தொடங்குமுன்னும் இந்த ஆறு விரல்களின் கணக்கைத் திகதியோடு எழுதி வைக்கவேண்டும். பிறகு வரும் முடிவு எல்லாவற்றுக்கும் அதுதான் அடிக்கணக்கு.

இனிப் பிசினுக்கு வருவோம். குக்கில் என்பது ராஜஸ்தான், குஜராத், பாகிஸ்தானின் சிந்து ஆகிய வறண்ட நிலங்களில் வளரும் முட்செடி ஒன்றின் பிசின். வெள்ளைப்போளம் தரும் மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். இலங்கையில் இது விளைவதில்லை. கடைக்கு வருவதெல்லாம் இறக்குமதிச் சரக்கு. செடி மிக மெல்ல வளரும், பட்டையைக் கண்டபடி கீறினால் பட்டுப்போகும். இப்போது அது அழியும் விளிம்பில் உள்ள தாவரமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அருமையான சரக்கு என்றால் கலப்படமும் கூடவே வரும். கருவேலம் பிசின், சல்லகி மரத்துப் பிசின், சில வேளை வெறும் மண்ணும் பட்டைத் தூளும் சேர்ந்து வரும். கோயிலில் தூபமிடும் குங்கிலியம் சால மரத்தினது, முற்றிலும் வேறு சரக்கு. சாம்பிராணியும் வேறு. கடையில் அவசரத்தில் ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி வருவது நடக்கிற விஷயம்.

நல்ல குக்கிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். மஞ்சள் கலந்த கபிலம், சில துண்டுகளில் இலேசான பச்சை. புழு சுருண்டதுபோல உருண்டு நீண்ட துண்டுகள். உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்திவைத்தால் இளகி ஒட்டும். வாசம் இருக்கும், நாக்கில் வைத்தால் கசக்கும். நெருப்பில் போட்டால் எரியும், வெயிலில் வைத்தால் உருகும், வெந்நீரில் கரைத்தால் பால்போல வெளிறும் என்று பழைய நூல்கள் சொல்லும் மூன்று அடையாளங்களும் இன்றைக்கும் உதவும். ஒரு கண்ணாடிக் கோப்பையில் வெந்நீர் விட்டு ஒரு சிறு துண்டைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். நீர் பால்போல ஆனால் குக்கிலாக இருக்க வாய்ப்பு உண்டு. கண்ணாடிபோலத் தெளிவாகக் கரைந்து வழுவழுத்தால் அது கருவேலம் பிசின் வகை. கரையாமல் அடியில் கல்லுப்போலக் கிடந்தால் குங்கிலியம். அடியில் மண் எவ்வளவு படிகிறது என்பதையும் அப்போதே காணலாம். இது சரக்கை அடையாளம் காண மட்டும் உதவும். உள்ளே இருக்கும் மருந்துச் சத்து எவ்வளவு என்பதை ஆய்வுகூடம்தான் சொல்லும்.

பச்சைக் குக்கிலை அப்படியே உட்கொள்ளக்கூடாது. வயிற்றைப் பிரட்டும், வயிற்றோட்டம் வரும், சிலருக்கு உடம்பெல்லாம் தடிக்கும். அதனால்தான் சுத்தி, அதாவது தூய்மையாக்கும் முறை வந்தது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் கொட்டை நீக்கிச் சம எடையில் எடுத்து, ஒரு பங்கு சரக்குக்கு 16 பங்கு தண்ணீர் விட்டு நாலிலொன்றாக வற்றவைத்துக் கசாயம் எடுப்பார்கள். குக்கிலைத் துப்புரவாக்கி, சிறு துண்டுகளாக உடைத்து, மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி அந்தக் கசாயத்துக்குள் தொங்கவிடுவார்கள். அடி தொடக்கூடாது. தணல் நெருப்பில் மெல்லக் காயும்போது பிசின் துணி வழியே கசிந்து கசாயத்தில் கலக்கும். மண், பட்டை, தும்பு எல்லாம் துணிக்குள் தங்கும். பிறகு வடித்து, குழம்புப் பதம் வரும்வரை வற்றவைத்து, நெய் தடவிய தட்டில் ஊற்றி வெயிலில் காயவைப்பார்கள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான பிழை நடக்கிறது. நெருப்பு கூடினால் பிசின் அடிப்பிடித்துக் கருகும். கருகிய குக்கில் கறுத்து, வாசம் மாறி, மருந்துக்கு உதவாமல் போகும். அரைகுறையாகக் காய்ந்தால் மாரி மழைக் காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். உரலில் இடிக்கும்போது நெய் தடவாவிட்டால் உலக்கையோடு ஒட்டிக்கொண்டு, சேர்க்கவேண்டிய மற்றச் சரக்குகள் ஒரே சீராகக் கலக்காது. ஒரு குளிசையில் கூடியும் ஒன்றில் குறைந்தும் போகும். வீட்டில் செய்து பார்க்க இது ஏற்றதல்ல. வாங்கும் குளிசை எப்படி இருக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இவ்வளவும். நெய்ச் சிக்கு வாசம், வெள்ளைப் பூப்பு, ஒன்றோடொன்று ஒட்டிய உருண்டை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.

ஆய்வுகளில் கண்டது என்ன? எலியின் பின்காலுக்குப் போகும் பெரிய நரம்பைச் சுற்றி நான்கு இடங்களில் நூலால் தளர்வாகக் கட்டுவார்கள். சில நாட்களில் அந்தக் காலில் நரம்பு வலி உண்டாகும். இலேசான சூடு பட்டாலும் குளிர் பட்டாலும் எலி காலை வெடுக்கென்று இழுக்கும். குக்கில் சத்துக் கொடுத்த எலிகள் அவ்வளவு விரைவாகக் காலை இழுக்கவில்லை. குக்கிலில் உள்ள குக்குல்ஸ்ரெரோன் என்னும் பொருள் அழற்சியைத் தூண்டும் சைகைகளைக் கட்டுப்படுத்துவது கலங்களில் காணப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம்பிக்கைக்கு இடம் உண்டு.

ஆனால் அங்கே அளந்தது காலை இழுக்கும் வேகம், அதாவது வலி. இறந்த இழை மீண்டும் வளர்ந்து விரல் நுனியைத் தொட்டதா என்பது அதில் தெரியாது. இன்னொன்று, அந்த எலிக்குப் புதுக் காயம், இளம் வயது. இங்கே நாங்கள் பேசுவதோ பத்து வருடம் மெல்ல மெல்ல அரித்த நரம்பு. வெட்டுப்பட்ட அல்லது நசுங்கிய நரம்பு தானாக வளரும்போதுகூட ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். முழங்காலிலிருந்து விரல் வரையான தூரத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவும் சீனி கட்டுப்பாட்டில் இருந்தால். ஆகவே "இரண்டு கிழமையில நரம்பு திரும்பி வந்திட்டுது" என்று யார் சொன்னாலும் வந்தது நரம்பாக இருக்க முடியாது.

மற்றப் பிசின்களிலும் இதே நிலைதான். சல்லகிப் பிசினிலுள்ள பொஸ்வெலிக் அமிலங்களில் ஒன்று, நசுக்கப்பட்ட எலி நரம்பில் உறையை உண்டாக்கும் சுவான் கலங்களைப் பெருகச் செய்ததாக ஆய்வுகள் உண்டு. வலியைத் தாண்டி நரம்பின் கட்டமைப்பையே பார்த்தது என்பதால் இதைக் கூடுதல் மதிப்போடு நோக்கலாம். சல்லகிக்கு மனிதரில் உள்ள நல்ல சான்று வேறு இடத்தில் இருக்கிறது. மூளைக் கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற 44 பேரில் 2011இல் வெளிவந்த ஜேர்மன் ஆய்வொன்று, நாளுக்கு 4200 மில்லிகிராம் சல்லகிச் சத்துக் கொடுத்தபோது மூளை வீக்கம் குறைந்ததைக் காட்டியது. அதை எடுத்துக் காலெரிவுக்குப் பொருத்த முடியாது. வெள்ளைப்போளத்திலுள்ள சில பொருட்கள் எலிகளில் வலியை மரக்கச் செய்ததை 1996இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அது மூளையில் அபின் வகை மருந்துகள் தொழிற்படும் அதே வாயில்களில் வேலை செய்தது. நரம்பைக் குணமாக்கியதாக அவர்கள் சொல்லவில்லை. எங்கள் சமையலறைப் பெருங்காயத்துக்கும் ஓர் ஆய்வு உண்டு. விற்றமின் பி6ஐ அளவுக்கு மிஞ்சிக் கொடுத்து நரம்பு கெட்ட சுண்டெலிகள், பெருங்காயப் பிசினால் ஓரளவு தேறின. இந்த ஆய்வில் பெருங்காயத்தைவிடப் பெரிய பாடம் பி6தான். அதற்குப் பின்னால் வருவோம்.

எலி மருந்தின் அளவை மனிதருக்கு மாற்றும்போதும் தவறு நடக்கிறது. எலிக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால் 60 கிலோ மனிதருக்கு 6000 மில்லிகிராம் என்று பெருக்கிவிடக்கூடாது. எலியின் அளவை முதலில் 6.2ஆல் வகுத்து, பிறகு மனிதரின் எடையால் பெருக்குவது முறை. அப்படியானால் ஏறத்தாழ 970 மில்லிகிராம் வரும்.

நரம்புச் சிதைவுக்காகக் குக்கிலைப் பெருந்தொகை மனிதரில், மருந்துச் சத்து இல்லாத போலிக் குளிசையோடு ஒப்பிட்டுப் பார்த்த வலுவான ஆய்வு இல்லை. ஆனால் மனிதரில் அப்படி ஒழுங்காகப் பார்த்தபோது என்ன நடக்கலாம் என்பதற்குக் கொலஸ்ரோல் கதை இருக்கிறது. குக்கில் கொழுப்பைக் குறைக்கும் என்ற நூல் வாக்கை முயல்களில் சோதித்து 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்யவதி எழுதிய ஆய்வேடு பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. பிறகு இந்தியாவில் அது கொலஸ்ரோல் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 2003இல் அமெரிக்காவில் 103 பேரில், 8 கிழமை, போலிக் குளிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கெட்ட கொலஸ்ரோல் குறைவதற்குப் பதிலாக, குக்கில் எடுத்தவர்களில் 4 முதல் 5 வீதம் கூடியது. போலிக் குளிசை எடுத்தவர்களில் 5 வீதம் குறைந்தது. குக்கில் எடுத்தவர்களில் 6 பேருக்குத் தோல் தடிப்பும் வந்தது. முயலில் வேலை செய்தது மனிதரில் எதிர்மாறாகப் போனது. நரம்பு விஷயத்திலும் அப்படித்தான் ஆகும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எலி ஆய்வை மட்டும் நம்பி இருக்கிற மருந்தை நிறுத்துவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இங்கே மிக அழுத்திச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. கடையில் "யோகராஜ குக்குலு" என்றும் "மகா யோகராஜ குக்குலு" என்றும் இரண்டு கிடைக்கும். முன்னதில் சுக்கு, திப்பிலி, சித்திரமூலம், திரிபலை போன்ற மூலிகைகளும் குக்கிலும் இருக்கும். "மகா" என்ற முன்னொட்டு உள்ளதில் இவற்றோடு உலோகப் பற்பங்களும் (எரித்துத் தூளாக்கிய உலோகங்களும்) சேரும்: வெள்ளீயம், வெள்ளி, இரும்பு, அப்பிரகம், பாதரசச் சேர்க்கை, கூடவே ஈயம். வடமொழி வழக்கில் "நாக பஸ்மம்" என்றால் ஈயம். எங்கள் சித்த வழக்கில் நாகம் என்றால் துத்தநாகம். போத்தலில் உள்ள எழுத்தைப் பார்த்து "நாகம்தானே, துத்தநாகம்" என்று நினைத்து ஈயத்தை விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். ஈயம் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. மணிக்கட்டும் பாதமும் தொங்கிப்போவது ஈய நஞ்சின் பெயர்பெற்ற அடையாளம். நரம்பு கெட்டவருக்கு நரம்பைக் கெடுக்கும் பொருளைக் கொடுப்பதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் 70ஐ 2004இல் பரிசோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆசனிக்கு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. ஆகவே காலெரிவுக்குக் குக்கில் எடுப்பதென்றால் உலோகம் சேராத வகை மட்டுமே. சரக்குப் பட்டியல் அச்சிடாத போத்தலை, அது யார் கொடுத்ததாக இருந்தாலும், ஏற்கவேண்டாம். மாதக்கணக்காக "மகா" வகையை எடுத்தவர்கள் குருதியில் ஈய அளவைப் பார்க்கும்படி வைத்தியரைக் கேட்கவேண்டும்.

குக்கில் மற்ற மருந்துகளோடும் மோதும். ஒரு கிராம் குக்கில் சத்து எடுத்த உடனேயே புறப்பிரனலோல், டில்ரியாசெம் ஆகிய பிரஷர், இருதய மருந்துகள் குருதியில் சேரும் அளவு குறைந்ததை ஆரோக்கியமானவர்களில் கண்டிருக்கிறார்கள். ஈரலில் மருந்துகளை உடைக்கும் நொதியத்தை அது தூண்டக்கூடும் என்பதால் வேறு பல குளிசைகளின் வேகமும் மாறலாம். குருதி உறைவதைத் தடுக்கும் வோர்பரின், குளோப்பிடோகிறெல், அஸ்பிரின் எடுப்பவர்களுக்குக் குருதிக் கசிவு கூடலாம். தைரொயிட் சுரப்பை அது தூண்டுவதை விலங்குகளில் கண்டிருப்பதால் தைரொக்சின் எடுப்பவர்கள் கவனிக்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. தோல் தடித்தாலோ சொறிந்தாலோ அன்றே நிறுத்தவேண்டும். "உடம்பு பழகும்" என்று தொடர்வது தவறு.

குக்கிலைத் தொடங்குமுன் பார்க்கவேண்டிய பரிசோதனைகளில் முதலாவது விற்றமின் பி12. சீனி வருத்தத்துக்குத் தரும் மெற்போமின் குளிசையை நாலைந்து வருடம் எடுத்தவர்களுக்குக் குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம். மச்சம் மாமிசம் தொடாத சைவக்காரர் என்றால், பாலும் தயிரும் குறைவாகவே எடுக்கிறவர் என்றால் பற்றாக்குறை இன்னும் விரைவில் வரும். பி12 குறைந்தால் வரும் விறைப்பும் எரிவும் சீனியால் வருவதைப்போலவே இருக்கும். மில்லிலீற்றருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்று கொள்வார்கள். ஊசியாலோ, நாளுக்கு 1000 மைக்கிரோகிராம் குளிசையாலோ இதைத் திருத்தலாம். நேரத்துக்குத் திருத்தினால் நரம்பு உண்மையாகவே தேறும். காலெரிவில் முழுதாக மீளக்கூடிய ஒரு சில காரணங்களில் இது ஒன்று. இதைப் பாராமல் குக்கிலில் ஆறு மாதம் போக்குவது அநியாயம்.

பி6 நேர்மாறானது. நரம்புக்கு என்று விற்கும் பல விற்றமின் குளிசைகளில் ஒன்றிலேயே 100, 200 மில்லிகிராம் பி6 இருக்கும். ஒரு நாளைக்கு எங்களுக்குத் தேவை 2 மில்லிகிராமுக்கும் குறைவு. மாதக்கணக்காக, வருடக்கணக்காக அந்த அளவில் எடுத்தால் பி6 தானே நரம்பைக் கெடுக்கும். அந்தச் சுண்டெலிகளுக்குச் செய்தது அதைத்தான். "நரம்புக் குளிசை எடுக்க எடுக்கக் கால் விறைப்புக் கூடுது" என்பவர்கள் முதலில் பெட்டியைத் திருப்பிப் பார்க்கட்டும்.

இவையோடு எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் குருதிப் பரிசோதனை), தைரொயிட், சிறுநீரகத்துக்குக் கிரியற்றினின், ஈரல் பரிசோதனை ஆகியவற்றையும் பார்த்து, எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு கடதாசியில் எழுதி இரு பக்க வைத்தியருக்கும் காட்டவேண்டும். பரியாரியார் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் பட்டம் படித்து வந்தவர்கள் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். கேளாதவரிடம் நாங்களாகவே நீட்டவேண்டும்.

சுத்தி செய்த குக்கிலுக்கு நூல்கள் சொல்லும் நாளளவு 2 முதல் 4 கிராம். தொடங்கும்போது வைத்தியர்கள் அதில் குறைந்த அளவையே தருவார்கள், சாப்பாட்டுக்குப் பின். ஒரு கொப்பியில் கிழமைக்கு ஒரு நாள் மூன்று விஷயம் எழுதினால் போதும்: இரவு எரிவு 0 முதல் 10 வரை எத்தனை, எரிவால் எத்தனை இரவு நித்திரை முறிந்தது, ஆறு விரல்களில் எத்தனை தெரிந்தது. நரம்பு வலி ஆய்வுகளில் போலிக் குளிசை எடுத்தவர்களிலும் கணிசமானவர்களுக்கு வலி குறையும்; ஆகவே முதல் மாதத்து மகிழ்ச்சியை வைத்து முடிவெடுக்கவேண்டாம். 12 கிழமை முடிவில் எரிவு 10இல் 2 புள்ளியாவது குறையவில்லை என்றால் நிறுத்திவிடலாம். எரிவு குறைந்து விரல்களின் கணக்கும் அப்படியே இருந்தால் தொடர்வதில் நியாயம் உண்டு. எரிவு குறைந்து, முன்பு தெரிந்த விரல்கள் இப்போது தெரியாமல் போனால் நோய் முன்னேறுகிறது என்று எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடவேண்டும்.

எரிவுக்கு மட்டும் என்றால் அமிற்றிப்ரிலின், டுலொக்செற்றின், பிறிகபாலின் ஆகிய மருந்துகளுக்கு மனிதரில் நல்ல சான்று இருக்கிறது. இவையும் நரம்பை வளர்ப்பதில்லை, வலியைத்தான் அடக்கும். அந்த வகையில் குக்கிலிடம் எதிர்பார்ப்பதையே இவை நிரூபணத்தோடு செய்கின்றன. நரம்பு மேலும் கெடாமல் காப்பது சீனிக் கட்டுப்பாடுதான். அதிலும் அவசரம் கூடாது. எச்.பி.ஏ.1.சி. 11இல் இருந்தவர் பயந்துபோய் இன்சுலின், பட்டினி, பாகற்காய்ச் சாறு எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கி மூன்று மாதத்தில் 7க்கு இறக்கினால், அந்த வேகமே புதிதாகக் கடும் எரிவைக் கிளப்பக்கூடும். மூன்று மாதத்துக்குள் 2 புள்ளிக்கு மேல் இறங்காமல் பார்ப்பது நல்லது. அந்த எரிவுக்குப் பயந்து இன்சுலினை நிறுத்திக் குக்கிலுக்கு மாறுவது இருமடங்கு கேடு.

எந்தப் பிசினும் தொடமுடியாத நிலைமைகளும் உண்டு. எறிகணைத் துண்டு பட்டோ வெட்டுப்பட்டோ அறுந்த நரம்பை மருந்து இணைக்காது. அது சத்திர சிகிச்சையாளர் பார்க்கவேண்டியது. போரில் காயப்பட்டுப் பாதம் தொங்கியபடி வருடக்கணக்காக எண்ணெய் பூசி வருபவர்களுக்குத் தாங்கு பட்டியும் இயன்மருத்துவமும் தரும் பயனில் பத்திலொன்றைக்கூட எண்ணெய் தராது. தோலில் வெளிறிய தேமல்போல ஒரு திட்டு, அதில் தொட்டால் தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்க்கவேண்டும்; மருந்து அரச வைத்தியசாலையில் இலவசம், முழுதாகக் குணமாகும். விறைப்பும் பலவீனமும் நாட்களுக்குள் காலிலிருந்து இடுப்பு, கை என்று ஏறினாலோ, நாரிப்பிடிப்போடு சலம், மலம் அடக்க முடியாமல் போனாலோ அது அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விஷயம்.

கடைசியாகப் பாதம். விறைத்த காலுக்கு ஒற்றடம் கூடாது. குக்கிலோ வேறெதுவோ அரைத்துச் சூடாகப் பற்றுப் போடுவதும், சுடவைத்த எண்ணெய் தேய்ப்பதும், வெந்நீரில் கால் வைப்பதும் உணராத தோலை வேகவைத்துவிடும். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்கவேண்டும், அல்லது சூடு தெரிகிற வேறொருவர் பார்க்கவேண்டும். தோட்டத்துச் செம்பாட்டு மண்ணிலும் பனங்கருக்குக் கிடக்கும் வளவிலும் வெறுங்காலோடு இறங்கக்கூடாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விறைத்த காலோடு உச்சி வெயிலில் வீதி சுற்றுபவர்களுக்கு மணலின் சூடு உறைக்காது. அவர்கள் விடியற்பூசைக்கோ பின்னேரப் பூசைக்கோ போகலாம். மற்ற நேரத்தில் வெளிவீதி வரை மூடிய செருப்போடு போய், வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். குனிந்து பார்க்க முடியாதவர்கள் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கலாம். செருப்புக்குள் கைவிட்டுத் தடவி, கல்லோ ஆணி நுனியோ கிடக்கிறதா என்று பார்த்த பிறகே காலை விடவேண்டும். தோல் கிழிந்தாலோ, கொப்புளம் கண்டாலோ, ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, நோவில்லை என்பதற்காகப் பொறுத்திருக்காமல், அதன்மேல் பிசினோ மஞ்சளோ பூசாமல், துப்புரவான துணியால் மூடி ஒரு நாளுக்குள் வைத்தியசாலையில் காட்டவேண்டும்.